எழுத்தாளர் வீட்டுப் பிணம்

கொலையாவதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது. கத்தியால் குத்தினால் எந்தப் பக்கம் சாய வேண்டும், கழுத்தை நெரித்தால் கால் எப்போது உதைப்பதை நிறுத்தும், மாடிப்படியில் தள்ளிவிட்டால் கை எந்தக் கம்பியில் மாட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் புருஷன் துப்பறியும் நாவல் எழுதுகிறவர். எந்தக் கொலையையும் வீட்டுக்குள் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். செய்து பார்க்க ஆள் வேண்டுமே. வீட்டில் இருந்தது அவள் ஒருத்திதான்.

"ஏய் பொணம், வந்து படு" என்பார். அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு வந்து படுப்பாள்.

தொடக்கத்தில் அவளுக்கு அது பிடித்தே இருந்தது. தையல்காரரின் மகள். அப்பா நாள் முழுக்கத் துணியோடு பேசுவாரே தவிர மகளோடு பேசமாட்டார். இங்கே ஒரு மனிதர் தரையில் மண்டியிட்டு, சாக்பீஸால் அவளைச் சுற்றிக் கோடு போட்டு, "இந்தக் கை இங்க விழுமா, அங்க விழுமா? நீயே சொல்லு" என்று கேட்டார். "இப்படிக் குத்தினா முழங்கை சுவத்துல இடிக்குங்க" என்று அவள் சொன்னால், "அட, ஆமாடி!" என்று போய் எழுதுவார். நடுவில் பால் பொங்கிவிடும். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

மாதம் ஒரு நாவல். உள்ளங்கை அகலப் புத்தகம், பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கும். அதைப் போட்ட பதிப்பாளர் கட்டைக் குரலும் பெரிய கைகளும் கொண்ட மனிதர். புத்தகக் கட்டுகளைத் தானே தோளில் சுமந்து கடை கடையாகப் போட்டு முன்னுக்கு வந்தவர். அவர் வரும்போது அட்டையோடுதான் வருவார். கதைக்கு முன்பே அட்டை அச்சாகிவிடும். அதுதான் அந்தத் தொழிலில் வழக்கம்.

"ரைட்டர், அட்டை ரெடி. பச்சைச் சட்டை போட்ட பொண்ணு, கையில துப்பாக்கி, பின்னாடி ரயில். மத்தத நீ பாத்துக்கோ" என்பார். பிறகு சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "என்ன தங்கச்சி, இந்த மாசம் உன்னை எதால கொல்றான்?" என்று கேட்பார்.

"ரயில்னு சொல்றீங்களேண்ணே, தண்டவாளத்துக்கு எங்க போறது?" என்பாள் அவள். அவ்வளவு பேசுவதே அவளுக்கு அதிகம்.

அவள் முதல் முறை உயிர் போகிற மாதிரிக் கத்தியபோது எதிர்வீட்டு அக்கா கையில் துடைப்பத்தோடு ஓடி வந்துவிட்டாள். எழுத்தாளர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவை உட்கார வைத்து, டீ கொடுத்து, கதையைச் சொன்னார். அன்றிலிருந்து அந்தக் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. புதிதாகக் குடி வருகிறவர்களிடம் அக்காவே சொல்லிவிடுவாள்: "தண்ணி காலைல மட்டுந்தான் வரும். லிஃப்ட் பேருக்குத்தான் இருக்கு. மூணாவது மாடில அப்பப்ப கொலை விழும், பயந்துடாதீங்க."

பேருந்து நிலையக் கடைகளில் புத்தகம் தொங்கிய கயிற்றில் போன் உறைகள் தொங்க ஆரம்பித்தன. நாவல் மாதம் ஒன்று என்பது போய், பண்டிகைக் காலத்துக்கு ஒன்று என்றாகி, பிறகு அதுவும் நின்றது.

"பஸ்ல எல்லாரும் குனிஞ்சுதான் உக்காந்திருக்கான் ரைட்டர்" என்றார் பதிப்பாளர். "ஆனா கையில புஸ்தகம் இல்ல. நானே இப்ப சமையல் புக்கும் பரீட்சை கைடும் போட்டுத்தான் ஓட்டறேன். அதுவும் யாராவது கேட்டாத்தான் அச்சடிக்கறது. பத்து பேர் கேட்டா பத்து."

"அப்ப நான் என்ன பண்றது? குழம்பு வெக்கறது எப்படின்னு எழுதவா?"

"எழுதேன். குழம்புல விஷம் வெச்சுடாத, அவ்வளவுதான்."

பதிப்பாளர் சிரித்தார். எழுத்தாளர் சிரிக்கவில்லை. அன்று சாப்பாட்டுத் தட்டு சுவரில் போய் மோதியது. அதன் விளிம்பு அவள் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அது ஒத்திகை இல்லை. ஆனால் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் கிட்டே வந்து, "புருவத்துல அடிபட்டா இவ்வளவு ரத்தம் வருமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் அவள் முதன்முதலாக அவரைவிட்டு ஓர் அடி தள்ளி நின்றாள்.

அதற்குப் பிறகு வந்தாள் ஆப்காரப் பெண். நேரில் வரவில்லை, போனில் வந்தாள். கதைகளைக் குரலில் கேட்கிற ஆப் ஒன்றில் வேலை பார்ப்பவள். எழுத்தாளரின் குரல் நன்றாக இருக்கிறது, அவரே வாசிக்கலாம், தினம் ஒரு பகுதி, பழைய நாவல்களையும் தரலாம் என்றாள். எழுத்தாளருக்கு மறுபடி உயிர் வந்தது. போர்வையால் ஜன்னலை மூடி, மேசையில் போனை நிறுத்தி வாசித்தார். கேட்கிறவர்கள் எந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் போகிறார்கள் என்பது ஆப்காரப் பெண்ணுக்கு ஒரு கோடாகத் தெரியுமாம்.

"சார், மழையை வர்ணிக்கறீங்கல்ல, அங்க கோடு கீழ விழுது. அடி விழற இடத்துல ஏறுது. மூணு நிமிஷத்துக்கு ஒரு அடி வெச்சுடுங்க சார்."

வைத்தார். அடியின் சத்தத்துக்குத் தலையணையை அடித்தார். கேட்டவர்கள் கீழே எழுதினார்கள்: "யாரோ தலையணையப் போட்டு சாத்தறாங்கப்பா." பூசணிக்காயை அடித்தார். ஈரத் துணியைச் சுவரில் அறைந்தார். தன் தொடையிலேயே அடித்துக்கொண்டார். "மாவு பிசையறாங்களா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். எழுத்தாளர் அதை உரக்கப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் அவள் டீ கொண்டுபோய் மேசையில் வைத்தாள். போனில் குரல் பதிவாவதைக் காட்டுகிற சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. நிமிர்வதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. காதுக்குள் விசில் அடித்தது. டம்ளர் உருண்டது. அவர் அவள் கன்னத்தைப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்தார். உடனே அதைப் போட்டும் கேட்டார்.

"கேளு, கேளு. எவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு பாரு! கடைசில நீ 'ம்மா'ன்னு ஒரு மூச்சு விட்ட பாரு, அத எவளாலயும் நடிக்க முடியாது."

அந்தப் பகுதிக்கு இதயக் குறிகள் குவிந்தன. கோடு நேராக மேலே ஏறியதாம். "சார், உங்க சவுண்ட் டீம் யாரு?" என்று ஆப்காரப் பெண் கேட்டாள். "எல்லாம் வீட்லயேதான்" என்றார் அவர் பெருமையாக.

அச்சில் இருந்தவரை கை எங்கே விழும் என்று தெரிந்தால் போதும். இப்போது கை விழ வேண்டியிருந்தது. முதுகில் விழுந்தால் ஒரு சத்தம், விலாவில் விழுந்தால் ஒரு சத்தம். முடியைப் பிடித்து அலமாரிக் கதவில் மோதினால் வேறு சத்தம். வில்லன் யாரோ ஒருவனின் விரலை ஒடிக்கிற பகுதியில் அவளுடைய சுண்டுவிரலைக் கதவிடுக்கில் வைத்து அழுத்தினார். முதல் தடவை போனில் பதிவைத் தட்டிவிட மறந்துபோனார். அதனால் மோதிர விரலும் போனது. எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த குச்சி முறிவது மாதிரித்தான் இருந்தது. நாவல்களில் அவர் எப்போதும் எழுதியதும் அப்படித்தான்.

ஒருநாள் படிக்கட்டில் எதிர்வீட்டு அக்கா அவளைப் பிடித்துக்கொண்டாள். "நானும் என் பொண்ணும் காதுல மாட்டிக்கிட்டு உன் கதையத்தான் கேக்கறோம். நீ கத்தறது இருக்கே, எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல போ."

அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மெதுவாக, "அது நடிப்பு இல்லக்கா" என்றாள்.

"அதத்தாண்டி நானும் சொல்றேன், நடிப்பு மாதிரியே இல்ல!" என்று அக்கா அவள் தோளில் தட்டினாள். தட்டிய இடத்தில் முந்தின நாள் பெல்ட் விழுந்திருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூடிய பாத்திரத்துக்குள் நின்று கத்துகிற மாதிரி இருந்தது.

தொடரின் கடைசிப் பகுதி நெருங்கியது. நாயகியைக் கயிற்றால் நெரித்துக் கொல்கிறார்கள். "துண்டு துண்டா ஒட்டினா காதுல தெரிஞ்சுடுது சார். ஆரம்பத்துல இருந்து முடியற வரைக்கும் ஒரே ஓட்டமா குடுங்க" என்று ஆப்காரப் பெண் சொல்லியிருந்தாள். எழுத்தாளர் கடைக்குப் போய் நைலான் கயிறு வாங்கி வந்தார். முரடாக இருந்தது. கையில் சுற்றி இழுத்துப் பார்த்தார்.

"இதுல நீ நிஜமாவே மூச்சுத் திணறணும். நான் விடற வரைக்கும் விடமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"எப்ப விடுவீங்க?"

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "சத்தம் நிக்கறப்ப" என்றார்.

சத்தம் நின்ற பிறகு விட்டு என்ன பிரயோசனம் என்று இத்தனை வருடம் பிணமாகக் கிடந்தவளுக்குத் தெரியாதா? கதவைப் பார்த்தாள். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. அவர் போர்வையை ஜன்னலில் மாட்டிவிட்டு, நாற்காலியைத் தள்ளி இடம் ஒதுக்கி, அவளைச் சுவர் ஓரமாக நிறுத்தினார். கயிற்றைக் கழுத்தில் போட்டு அளவு பார்த்தார். போனை எடுத்துவர மேசைப் பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் கதவை யாரோ உடைக்கிற மாதிரித் தட்டினார்கள். எழுத்தாளர் சாவி போட்டுத் திறந்தார்.

பதிப்பாளர். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கக்கத்தில் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம். கெட்டி அட்டை, தங்க எழுத்து. எழுத்தாளரின் பழைய மாத நாவல்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு. அவள் கழுத்தில் தொங்கிய கயிற்றைப் பார்த்தவர், "வேலை நடக்குதா? ஆப்புல உன் சத்தத்தக் கேட்டேன் தங்கச்சி, பிரமாதம்" என்று சொல்லிவிட்டு எழுத்தாளர் பக்கம் போய்விட்டார். அவளுக்காக வந்தவர் இல்லை அவர். புத்தகத்துக்காக வந்தவர்.

"இது என்ன தெரியுதாய்யா?" என்று தொகுப்பை நீட்டினார். "ஒல்லியா இருந்தா எவனும் வாங்க மாட்டேங்கறான். குண்டா, அழகா, அலமாரில வெக்கறதுக்குன்னா வாங்கறான். ஊர் முழுக்க எல்லாப் பதிப்பகமும் இதத்தான் பண்றான். உன்னை நம்பி, கேட்டாத்தான் அச்சடிப்பேன்கறத விட்டுட்டு, மொத்தமா அடிச்சேன். குடோன் நெறைய நிக்குது. இன்னிக்குக் காலைல உன் ஆப்காரன் வக்கீல் கிட்ட இருந்து ஆளு வந்து நிக்கறான். ஒரு காப்பி விக்கக்கூடாதாம்! அந்தக் கதை எல்லாம் அவங்களுதாம்!"

"கேட்டாங்க, உரிமைய எழுதிக் குடுத்தேன்."

"என்னைக் கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? எழுதினது நானு."

"போட்டது யாருடா? அந்தத் துப்பறியறவனுக்குப் பேரு வெச்சதே நான்! அட்டைய நான் குடுப்பேன், அதுக்கு நீ கதை கட்டுவ. கயித்துல தொங்கவிட்டது யாரு? மழையில கட்டுத் தூக்கினது யாரு?"

"பேர் வெச்சா அப்பனாயிட முடியுமா முதலாளி? நீங்க சமையல் புக்கு போடறப்ப என் ஞாபகம் வந்துச்சா?"

"உன்னை நடுத்தெருவுல விட்டேனா? சொல்லுடா! நாளைக்கு அத்தனையும் கூழாக்கற மிஷினுக்குப் போவுது. நான் நடுத்தெருவுல நிக்கறேன்!"

பதிப்பாளரின் குரல் உடைந்தது. அழுதுவிடுவார் போலிருந்தது. எழுத்தாளர் அந்தக் குரலைக் கேட்டார். தலையைச் சாய்த்து, காது கொடுத்துக் கேட்டார். பிறகு கையை நீட்டிப் போனைத் தட்டினார். சிவப்புப் புள்ளி எரிந்தது.

"இன்னொரு தடவை சொல்லு முதலாளி. அந்தக் கடைசி வரி. இதே மாதிரி. வில்லனுக்கு வெச்சுக்கறேன்."

பதிப்பாளர் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்தார். தொகுப்பு இரண்டு கையாலும் மேலே போனது. முதல் அடியில் போனும் அதன்மேல் இருந்த கையும் நசுங்கின. இரண்டாவது அடி தாடையில். கெட்டி அட்டையின் மூலை உள்ளே இறங்கி, ஒரு பல் தரையில் தெறித்து அவள் காலடியில் வந்து நின்றது. பேருந்து நிலையத்துக் குட்டிப் புத்தகமாக இருந்தால் ஒரு ஈ கூடச் செத்திருக்காது.

இருவரும் கட்டிப் புரண்டார்கள். மேசை சாய்ந்தது. எழுத்தாளர் பதிப்பாளரின் காதைக் கடித்தார். பதிப்பாளர் அவர் மார்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கட்டுச் சுமந்த கைகள். புத்தகம் ஏறி ஏறி இறங்கியது.

சாவி சட்டைப் பையிலிருந்து தெறித்து விழுந்திருந்தது. ஆனால் சாவி தேவைப்படவில்லை. பதிப்பாளர் வந்த கதவு திறந்தே கிடந்தது. அவள் சுவரைத் தடவிக்கொண்டே வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அக்கா கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "என்னடி, ஏதோ ஆம்பளக் குரல் புதுசா கேக்குது?"

"முதலாளிக்கா."

"அவரும் நடிக்க வந்துட்டாரா!"

உள்ளேயிருந்து எழுத்தாளரின் குரல் கொழகொழவென்று வந்தது. "காப்பாத்துங்க! ஏய் பொணம்! ஆளக் கூப்பிடுடி! கொல்றான்டி!"

அக்காவின் முகம் கொஞ்சம் மாறியது. ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தாள். "ஏண்டி, ஒத்திகைதானே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா கத்துவாள், மாடி முழுக்க ஓடி வரும், பதிப்பாளரைப் பிடித்து இழுப்பார்கள், எழுத்தாளர் எழுந்து முகத்தைக் கழுவுவார். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு நாற்காலியை மறுபடி ஒதுக்குவார். அவள் கை கழுத்துக்குப் போனது. கயிறு இன்னும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆமாக்கா" என்றாள். "ஒத்திகைதான்."

"என்னமா பண்றாரு மனுஷன்! முடிஞ்சதும் சொல்லு, டீ போடறேன்." கதவு மூடிக்கொண்டது.

அவள் படியில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டாள். எது தாடை, எது விலா, எது தரை என்று அவளுக்குத் தெரிந்தது. குரல் கூப்பாடாக இருந்து முனகலாகிப் பிறகு அதுவும் அடங்கியபோது கதவு திறந்தது. பதிப்பாளர் நின்றார். காதிலிருந்து கழுத்துவரை இரத்தம்.

"தங்கச்சி... நீ ஏன் யாரையும் கூப்பிடல?"

அவள் கயிற்றைக் கழற்றிப் படியில் வைத்தாள். "ஆம்புலன்ஸக் கூப்பிடுங்கண்ணே. மூச்சு இருக்கு."

அவர் கூப்பிட்டார். அங்கேயே உட்கார்ந்து போலீஸ் வருகிறவரை காத்திருந்தார். மாடி மாடியாகக் கேட்டபோது எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: "ஒத்திகைன்னு நெனச்சோம் சார்." எழுதிக்கொண்ட போலீஸ்காரர் நிமிர்ந்து, "கட்டடம் முழுக்கக் கிறுக்கா?" என்று கேட்டார்.

எழுத்தாளர் சாகவில்லை. தாடையைக் கம்பி போட்டு இறுக்கியிருந்தார்கள். நாக்கில் தையல். வலது கை முழுக்கக் கட்டு. ஆனால் காது நன்றாகக் கேட்டது. படிக்கட்டில் அவள் சொன்னதும் அவருக்குக் கேட்டிருந்தது என்பதை, கண் திறந்த அன்றே அவர் பார்த்த பார்வையில் அவள் தெரிந்துகொண்டாள். அவள் எங்கே நகர்ந்தாலும் அந்தக் கண்கள் கூடவே வந்தன. மருந்து வாங்கப் போனாலும் திரும்பி வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன. வீட்டுக்கு அனுப்புகிற நாளைப் பற்றி டாக்டர் பேச ஆரம்பித்ததும் அவளுக்குத் தூக்கம் போனது.

அன்று மத்தியானம் ஆப்காரப் பெண் அவள் போனுக்குப் பேசினாள். அவருக்கும் கேட்கட்டும் என்று அவர் ஜாடை காட்ட, அவள் ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"மேடம், சாரால பேச முடியாதுன்னு கேள்விப்பட்டோம். கவலையே படாதீங்க. சார் குரல் எங்ககிட்ட மணிக்கணக்கா இருக்கு. எழுதினதக் குடுத்தா அதே குரல்ல மிஷினே பேசிடும். கடைசி எபிசோடுக்கு ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க. ஒண்ணே ஒண்ணுதான். கத்தறது மட்டும் மிஷினுக்கு இன்னும் சரியா வரல. அந்த லேடி வாய்ஸ் நீங்கதான்னு சார் சொல்லியிருக்காரு. நீங்க மட்டும் கத்திக் குடுத்துட்டா போதும்."

"என்னால முடியாதும்மா" என்றாள் அவள்.

அவருடைய இடது கை கம்பளிக்குக் கீழே இருந்து வந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பிறகு கீழே இறங்கி, கோணலாகக் கூடியிருந்த அந்த இரண்டு விரல்களையும் தேடிப் பிடித்துப் பின்னால் வளைத்தது. அவர் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. கண்கள் மட்டும் போனைக் காட்டின. சரி என்று சொல். விரல்கள் இன்னும் வளைந்தன.

அவள் கத்தினாள்.

வீட்டில் எத்தனையோ முறை கத்திய அதே கத்தல்தான். ஆனால் வார்டின் இரண்டு பக்கமும் கட்டில்கள் கிறீச்சிட்டன. மருந்துத் தட்டு தரையில் விழுந்தது. செவிலியர் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா வாளியோடு ஓடி வந்தாள். பக்கத்துக் கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு கிடந்தவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தி வந்தார். இத்தனை பேர் வருவார்கள் என்று அவள் நினைக்கவே இல்லை.

"மேடம்?" என்றது போன். "மேடம், இப்ப கத்தினீங்களே, அது ரெகார்ட் ஆச்சா?"

"என்னம்மா? என்னாச்சு?" என்று செவிலியர் அவள் தோளைப் பிடித்தார்.

எழுத்தாளரின் கை அவசரமாகக் கம்பளிக்குள் போகப் பார்த்தது. அவள் அதைப் பிடித்து மேலே தூக்கி, எல்லாரும் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் காட்டினாள்.

"அடிக்கிறாரு" என்றாள். "இவரு என்னை அடிக்கிறாரு. ரொம்ப நாளா."

செவிலியர் அவளுடைய கோணல் விரல்களைப் பார்த்தார், கட்டிலில் இருந்தவரைப் பார்த்தார். அவளைத் தன் பின்னால் இழுத்து நிறுத்திக்கொண்டார். மாவுக்கட்டுக்காரர் ஊன்றுகோலைக் கட்டிலின் குறுக்கே வைத்தார்.

"எனக்குக் கால்தான்மா உடைஞ்சிருக்கு" என்றார். "கை நல்லாத்தான் இருக்கு. நீ போய் போலீஸக் கூப்பிடு. அதுவரைக்கும் இவன நான் பாத்துக்கறேன்."

அவள் போனை எடுத்தாள். ஆப்காரப் பெண் இன்னும் "மேடம், மேடம்" என்றுகொண்டிருந்தாள். அதைத் துண்டித்துவிட்டு, போலீஸ் எண்ணை அழுத்தினாள்.